உள்பக்கம் போடுகிற பூட்டு

பாய்,

நேற்று மழை விட்டதும் காற்று திரும்பிக்கொண்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "என்னக்கா இது, இம்புட்டு நாத்தம்?" என்று என் ஜன்னலையும் சேர்த்துச் சாத்தப் போனாள். "சாத்தாதம்மா, செத்த நேரம் இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். நனைந்த தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை எல்லாம் கலந்த வாடை அது. ஊருக்கு அது தோல்கிடங்கு நாற்றம். எனக்கு அது நீங்கள் மாடிப்படி ஏறி வருகிற வாசனை. அதை மறைக்கிறேன் என்று கைநிறைய அத்தர் வேறு பூசிக்கொண்டு வருவீர்கள். ஒன்றும் மறையாது. இரண்டும் தனித்தனியாக ஏறி வரும், இரண்டு ஆட்கள் வருகிற மாதிரி.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் போன பிறகு வந்தது. அந்த மலையாளத்து யூதர் கோயில் விஷயந்தான். உங்களால் அந்தக் கோயில் கதவு அடைபட்டுவிடுமோ என்று நீங்கள் ஒரு காலத்தில் சோறு இறங்காமல் திரிந்தீர்களே, அந்தக் கதவு. நேற்று அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தபோது, இதை இன்னும் உங்களிடம் சொல்லவில்லையே என்று தோன்றியது. ஆனால் என்னைப் பற்றித் தெரியும் உங்களுக்கு. எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சரிப்பட்டு வரும்.

மணிக்கூண்டுப் பக்கம் பூட்டுக்கடை மாடியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கீழே இரும்பை அரத்தால் ராவுகிற சத்தம், மேலே மெஷின்கள் தட்டுகிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் உங்கள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். தொழிலுக்குத் தோல் வியாபாரி, ஊருக்கு வார்டு கவுன்சிலர், கட்சிக்கு நகரத் தலைவர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. வராதது இங்கிலீஷ் ஒன்றுதான். அதற்குத்தான் நான்.

நீங்கள் உட்கார்ந்து கடிதம் சொல்லி நான் பார்த்ததே இல்லை. நடந்துகொண்டே, கையை வீசிக்கொண்டு, மேடையில் பேசுவதுபோலத்தான். தெருவிளக்கு எரியவில்லை என்று மின்சார இலாகாவுக்கு ஒரு மனு. அதற்கே "வீரம் விளைந்த இந்த மண்ணிலே, கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை" என்று ஆரம்பித்தீர்கள். டைப் அடிக்க வந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பாய், விளக்குக் கம்பத்துக்கு எதுக்கு ரத்தம்?" என்று கேட்டேன்.

"நீங்க அடிங்க டீச்சரம்மா. ரத்தத்தை நான் பாத்துக்கிறேன்."

நான் பாட்டுக்கு, பல்பு போய்விட்டது, தயவுசெய்து மாற்றவும் என்று இரண்டு வரி அடித்து உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வாரம் விளக்கு எரிந்தது. "பாத்தீகளா, பேச்சுல வேகம் இருந்தா வேலை நடக்கும்" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அறுபதுகளின் தொடக்கமாக இருக்கும். ஒருநாள் காலையில் பேப்பரை நாலாக மடித்துக் கையில் பிடித்தபடி ஏறி வந்தீர்கள். அத்தர் போட மறந்திருந்தீர்கள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. மலையாளக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே விரல்விட்டு எண்ணுகிற அளவில் யூதக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் கோயிலில் கூடித் தொழுதுகொண்டிருந்தபோது யாரோ கும்பலாக வந்து கல்லெறிந்துவிட்டு ஓடிவிட்டார்கள். கூரையிலிருந்து தொங்கிய கண்ணாடி விளக்குகள் உடைந்தன. ஒரு பெரியவருக்கு நெற்றியில் காயம். மூலையில் நாலு வரிச் செய்தி.

நீங்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். இளவயதில் தோல் ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போன கதையைச் சொன்னீர்கள். நல்ல மழைக்காலம், பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது, உங்களுக்கோ காய்ச்சல். சத்திரத்தில் இடம் இல்லை. ஏலியா என்கிற யூத வியாபாரி, உங்களிடம் ஆட்டுத்தோல் வாங்கிக்கொண்டிருந்தவர், தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்திருக்கிறார். கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுந்து உட்கார முடிந்த அன்று, எந்தத் திசையில் நீங்கள் தொழ வேண்டும் என்று அந்த மனுஷரே வாசலில் நின்று சூரியனைப் பார்த்துச் சொல்லிப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்.

"அந்தக் கோயிலுக்கு அடுத்த வீடுதான் டீச்சரம்மா. சாயங்காலம் அவுக ஓதுறது எனக்குப் படுக்கையில கேக்கும். அந்த விளக்கையா உடைச்சிருக்கான்?" என்றீர்கள்.

அன்று ஏலியாவுக்கு நீங்கள் சொன்ன கடிதத்தில் ரத்தமும் இல்லை, வீரமும் இல்லை. நாங்கள் இருக்கிறோம், என்ன வேண்டும் என்று எழுதுங்கள், அவ்வளவுதான். நான் ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் அடித்தது அது ஒன்றைத்தான்.

அதோடு விட்டீர்களா? அந்தப் பக்கத்து அதிகாரிகளுக்குத் தந்தி, மந்திரிகளுக்கு மனு, நம் நகராட்சிக் கூட்டத்தில் ஒரு கண்டனத் தீர்மானம். அந்தக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எழுந்து, "இங்க குடிக்கத் தண்ணியக் காணோம், மலையாளத்துல விளக்கு உடைஞ்சதுக்கு நாம தீர்மானம் போடணுமாக்கும்" என்றாராம். "தண்ணியும் கேப்பேன், இதையும் கேப்பேன். எனக்கு வாய் ஒண்ணுதான், ஆனா பெருசு" என்று நீங்கள் சொன்னதும் அவரே சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினாராம். பள்ளிவாசலிலும் ஒருவர், யூதனுக்கு எதுக்குப் பாய் இம்புட்டு அலைச்சல் என்று கேட்டிருக்கிறார். "காய்ச்சல்ல கெடந்தப்ப, நீ யாருன்னு கேட்டுட்டா கஞ்சி குடிச்சேன்?" என்று கேட்டுவிட்டு வந்தீர்கள்.

ஏலியாவிடமிருந்து பதில் வந்தது. அழகான கையெழுத்து, சுத்தமான இங்கிலீஷ். நெற்றியில் அடிபட்ட பெரியவர் அவரேதான், இப்போது ஆறிவிட்டது என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு விஷயம். அவர்கள் வழக்கத்தில் பத்து ஆண்கள் கூடினால்தான் முறையான கூட்டுத் தொழுகை நடக்கும். நிறையக் குடும்பங்கள் ஏற்கெனவே இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டன. மீதி இருப்பவர்களில் பத்துப் பேரைச் சேர்ப்பதே பாடு. கல் விழுந்த பிறகு, ஏலியாவின் தம்பியே தானும் தன் மகனும் புறப்படுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் போனால் பத்து தேறாது. கோயில் இருக்கும், கூட்டம் இருக்காது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள். "அப்ப அந்த மனுசன் போகாம இருக்கணும்" என்றீர்கள். யாரோ முன்பின் பார்க்காத ஒரு தம்பி. அன்றிலிருந்து அவர் உங்கள் வார்டு ஆளாகிவிட்டார்.

அதன் பிறகுதான் நீங்கள் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள்.

நம் திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டென்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? மந்திரி வந்தால் மாலைக்கு அடுத்தது பூட்டு. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றால் பூட்டு. மில்லுக்குப் புது மேனேஜர் வந்தால் பூட்டு. பெண் கொடுத்த இடத்துக்குச் சீரோடு ஒரு பூட்டு. நம்மிடம் இருக்கிறதிலேயே நல்லதைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம், வேறு ஒன்றும் கிடையாது. என் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த பூட்டுக்கு ஏற்ற கதவு எங்கள் வீட்டில் இல்லை.

கீழ்க்கடையில் சொல்லி, உள்ளதிலேயே பெரிய மாங்காய்ப் பூட்டாகச் செய்யச் சொன்னீர்கள். கடைக்காரர் அதற்குப் பித்தளையில் பூ வேலையெல்லாம் செய்து, எண்ணெய் பூசி, உமியில் பொதிந்து பெட்டியில் வைத்துக் கொடுத்தார். நீங்கள் ரயில் பார்சலில் அனுப்பப் புறப்பட்டபோது, "பாய், கூட ரெண்டு வரி எழுதி வச்சிரலாம்" என்று சொன்னேன்.

"எதுக்கு? பூட்டே பேசும் டீச்சரம்மா."

பேசியது.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. அதே அழகான கையெழுத்து, ஆனால் சின்னக் கடிதம். உங்கள் அன்பளிப்பு வந்துசேர்ந்தது. நீங்கள் சொல்ல வந்தது எங்களுக்குப் புரிந்தது. உங்களைப் போன்ற ஒரு நண்பரும் இதையே நினைக்கிறார் என்றால் இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று தம்பி சொல்கிறான். அவன் புறப்பட்டதும் கோயில் கதவில் உங்கள் பூட்டையே போட்டுவிட்டுச் சாவியைச் சர்க்கார் ஆபீசில் ஒப்படைக்கிறோம். இத்தனை காலம் காட்டிய அன்புக்கு நன்றி.

நான் படித்து முடித்ததும் உங்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. மறுபடி ஒரு தடவை மெதுவாகப் படித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. கல்லடி பட்டு, இருப்பதா போவதா என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருக்கிற ஜனங்களுக்கு, ஒரு வரி இல்லாமல் ஒரு பூட்டு. பூட்டிவிட்டுப் போங்கள் என்று அனுப்பின மாதிரிதான் இருந்திருக்கிறது.

"யா அல்லாஹ்" என்றீர்கள். மணிக்கூண்டுக்கே கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வராததை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியில், "டீச்சரம்மா, எனக்குப் பாய் விரிச்ச வாசலை நானே அடைக்கச் சொல்லிட்டேனே" என்றீர்கள். கண் கலங்கியிருந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஓட்டமும் நடையுமாகத் தந்தி ஆபீசுக்குப் போனோம். பூட்ட வேண்டாம், தவறாகப் புரிந்துகொண்டீர்கள், கடிதம் வருகிறது. இதற்குள் "என் உயிரினும் மேலான" என்று நுழைக்கப் பார்த்தீர்கள். நான் விடவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து நீளமாக ஒரு கடிதம் அடித்தேன். நம் ஊர், நம் பூட்டு, யாருக்கெல்லாம் கொடுப்போம், எதற்குக் கொடுப்போம் என்று எல்லாம் விளக்கினேன். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. பொய் சொல்லிச் சமாளிக்கிற மாதிரிதான் இருந்தது. உலகத்தில் எந்த ஊரில் பாய், மந்திரிக்கு மாலை போட்டுப் பூட்டுக் கொடுக்கிறார்கள்?

பதில் கடிதம் வரவில்லை. ஆளே வந்துவிட்டார்.

வருகிறேன் என்று தந்தியில் சொல்லியிருந்த அன்று பார்த்து நம் ஊரில் ஒரு மந்திரி. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறப்பு விழா. நீங்கள் மேடையில் இருந்தே ஆக வேண்டும். என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினீர்கள். ரயிலிலிருந்து ஒல்லியாக, உயரமாக ஒரு பெரியவர் தொப்பியோடு இறங்கினார். நெற்றியில் தழும்பு. தோளில் துணிப்பை, அதன் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடவே அவர் மகள் சாரா, என் வயதுதான் இருக்கும்.

அவள்தான் முதலில் பேசினாள். "அப்பாவின் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள்.

"பாய்க்கும் தெரியாது. நான்தான் அடிக்கிறேன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் சிரித்தோம். அவ்வளவு காலமும் நீங்களும் அவரும் எழுதிக்கொள்வதாக நினைத்தது, நாங்கள் இரண்டு பெண்கள் எழுதிக்கொண்டதுதான்.

ஏலியாவுக்கு வியாபாரத்தில் பழகிய தமிழ், மலையாள வாடையோடு. "கடிதத்துல கேக்க நாணமா இருந்தது. நேரே முகத்தைப் பாத்துக் கேக்கலாம்னு வந்தேன்" என்றார். குதிரை வண்டியில் நேராகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் நெரிசல். ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். மேடையில் நீங்கள் மைக்கை விழுங்குகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தீர்கள். பேசி முடித்து மந்திரிக்கு மாலை போட்டீர்கள். பிறகு தாம்பாளத்தில் பட்டுத்துணி மூடிக் கொண்டுவந்தார்கள். துணியை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரு பெரிய பூட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினீர்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். மந்திரி பல் தெரியச் சிரித்துக்கொண்டே பூட்டை வாங்கிக்கொண்டார்.

ஏலியா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அம்மா, இந்த மந்திரியையும் ஊரை விட்டுப் போகச் சொல்லுறாரோ?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முடியவில்லை. சாராவுக்கும் முடியவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், தன் துணிப்பையைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், மந்திரியைக் கேலி செய்கிறார்களோ என்று எங்களை முறைத்தார். நான் எழுதிய அத்தனை பக்கமும் செய்யாததை அந்த மந்திரி ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார்.

மேடையிலிருந்து இறங்கி வந்து நீங்கள் அவரைக் கட்டிப்பிடித்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நடுவில் அந்தப் பூட்டுப் பை மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் விலாவில் இடித்தது.

சாயங்காலம் உங்கள் வீட்டில் வேறு கூத்து. அவர்கள் அறுக்கிற முறை வேறு, நம் கறியைச் சாப்பிட மாட்டார்கள் என்று சாரா பக்குவமாகச் சொன்னாள். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். "திண்டுக்கல்லுக்கு வந்த மனுசனுக்குப் பிரியாணி போடாம அனுப்புறதா? ஊருக்குள்ள எப்படி நடப்பேன்?" உங்கள் வீட்டம்மாதான், "நீங்க செத்த சும்மா இருங்க. அவுக என்ன சாப்பிடுவாகளோ அதைச் செஞ்சு போடுறதுதான் மரியாதை" என்று அடக்கினார். கறி படாத புது மண்பானை வாங்கிவரச் சொல்லி, தேங்காய்ப்பால் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் செய்தார். ஏலியா மறுசோறு கேட்டு வாங்கினார். அப்படியும் நீங்கள் சமாதானமாகவில்லை.

சாப்பிட்ட பிறகுதான் ஏலியா விஷயத்துக்கு வந்தார். "தம்பி போறதைத் தடுக்க என்னால ஆகாது. போறவன் போகட்டும். ஆனா நீங்களும் போகச் சொல்லிட்டீங்கன்னு நினைச்சப்போ நெஞ்சு விட்டுப்போச்சு."

நீங்கள் அவர் பையிலிருந்து பூட்டை எடுத்தீர்கள். எழுந்து போய் உங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி, உள்பக்கத்து நாதாங்கியில் அதை மாட்டினீர்கள்.

"வெளியில மாட்டுனாத்தான் போறவனுக்குப் பூட்டு. நான் இதை உள்ள மாட்டத்தான் அனுப்புனேன். கல்லெறியுறவன் உள்ள வராம, நீங்க நிம்மதியா ஓதணும். அம்புட்டுத்தான்."

ஏலியா எழுந்து வந்து அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சனிக்கிழமைகளில் அவர்கள் கையில் எதையும் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாதாம், சாவிகூட. அதனாலேயே அந்தக் கோயிலுக்குப் பூட்டே போட்டதில்லையாம். உள்ளே பூட்டி உள்ளேயே ஆணியில் சாவியை மாட்டிவிட்டால் யாரும் எடுத்துப் போக வேண்டியதில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் பார்த்தீர்கள், அது போதும்.

அடுத்த நாள் அதே பையில் பூட்டைச் சுமந்துகொண்டு ரயில் ஏறினார்கள். இந்தத் தடவை நேராக நிமிர்ந்து நடந்தார். சாரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால் பத்துக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது. யார் கேட்கிறார்கள்?" என்று காதில் சொன்னாள்.

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று கேட்டுக் கேட்டு நீங்கள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? மந்திரிக்குப் பூட்டுக் கொடுத்த கதையை அண்ணன் சொல்லக் கேட்டு அவரும் சிரித்திருக்கிறார். சிரித்த கையோடு, இந்த மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை சாராவின் கடிதம் வரும். இந்த வருஷமும் சித்தப்பா பெட்டி கட்டினார், அவிழ்த்தார் என்று எழுதுவாள். அதைக் கேட்டதும் நீங்கள் மெஷினைத் தட்டி, "ஜெயிச்சிட்டோம் டீச்சரம்மா!" என்று கத்துவீர்கள். தேர்தலில் நீங்கள் ஜெயித்த அன்றுகூட அவ்வளவு சத்தம் போடவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றபோது, "போகுது விடுங்க, மலையாளத்து வார்டு நம்ம கையிலதான் இருக்கு" என்றீர்கள்.

இனி உங்களுக்குத் தெரியாதது.

அறுபதுகள் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் தோல் பார்க்கப் போனவர், கிடங்கிலேயே சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் கூட்டத்துக்கு வந்ததைவிட அதிகமான ஜனம் அடக்கத்துக்கு வந்தது. நீங்கள் இருந்தால் ஒரு பேச்சுப் பேசாமல் விட்டிருக்க மாட்டீர்கள். நான் அழுது முடித்ததும் முதலில் செய்த வேலை, சாராவுக்குத் தந்தி கொடுத்ததுதான்.

மறுநாளே பதில் தந்தி வந்தது. பாயின் தகப்பனார் பெயர் என்ன, உடனே தெரிவிக்கவும் என்று இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த நேரத்தில் இது எதற்கு? எனக்கே தெரியாது பாய். இத்தனை வருஷத்தில் உங்கள் அத்தா பெயரை நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டம்மாவிடம் போய்க் கேட்டு அனுப்பினேன்.

பிறகு கடிதம் வந்தது. சித்தப்பா அந்த வருஷம் உண்மையாகவே புறப்பட்டுவிட்டாராம். மகனுக்கு அங்கே வேலை அமைந்துவிட்டது. பெட்டிகள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. சித்தப்பாவும் மகனும் அந்த வாரம் கிளம்ப வேண்டியது. வாசலில் வண்டி பேசி வைத்திருந்த நேரத்தில் என் தந்தி போயிருக்கிறது. ஏலியா தம்பியிடம் எதுவும் கேட்கவில்லையாம். தம்பியே தந்தியை வாங்கிப் படித்துவிட்டு வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "என்னைப் போகாம வைக்க அந்த மனுஷர் இத்தனை வருஷம் பாடுபட்டார். அவருக்காக ஒரு சனிக்கிழமை இருக்க மாட்டேனா?" என்றாராம்.

அந்தச் சனிக்கிழமை உள்ளே உங்கள் பூட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் நின்றார்கள். இறந்தவருக்காக வேண்டும்போது, அவர் பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்து, இன்னாருடைய மகன் இன்னார் என்று சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் அந்தத் தந்தி. அவர்கள் கோயிலில் அப்படி ஒரு பெயரை அதுவரை யாரும் சொன்னதில்லை என்று சாரா எழுதியிருந்தாள். ஏலியா சொல்லும்போது இரண்டு தடவை நிறுத்தினாராம், மூன்றாவது தடவை முழுசாகச் சொன்னாராம். பெண்கள் பக்கத்திலிருந்து தான் எண்ணியதாகவும், சரியாகப் பத்துப் பேர் இருந்ததாகவும் எழுதியிருந்தாள். அடுத்த நாள் தம்பி புறப்பட்டார்.

உங்கள் வீட்டம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அழுதார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுகளுக்குப் பிரியாணி போடலையேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருக" என்று சிரித்தார். இரண்டு பேரும் சிரித்தோம்.

இதுதான் பாய் சொல்ல வேண்டிய செய்தி. நீங்கள் கதவை அடைக்கவில்லை. உங்கள் பெயரைச் சொல்வதற்கு அந்தக் கதவுக்குள் பத்துப் பேரை நிற்கவைத்துவிட்டுத்தான் போனீர்கள்.

என்னிடம் இப்போது மெஷினும் இல்லை, இன்ஸ்டிட்யூட்டும் இல்லை. அந்தக் கடிதத்திலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்காலிட்டு இறந்தவர்களுக்காக வேண்டும்போது, உங்கள் பெயரை உங்கள் அத்தா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொல்லுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். வெறும் பாய் என்று சொல்லிவிட்டு வந்தால் அங்கே எந்த பாய் என்று கேட்பார்கள். திண்டுக்கல்லில் எத்தனை பாய்!